இரண்டு தசமம் போதும் என்பவர்களுக்கு

சி மொழி கற்பிக்கும் வகுப்புகளில் ஒரு வாக்கியம் கேள்வி கேட்பாரின்றி உலவுகிறது: “தசம எண்ணா? ‘%.2எஃப்’ போடு, சரியா வந்துடும்.” லேப் கையேட்டில் அது இருக்கிறது, யூடியூப் பாடங்களில் இருக்கிறது, சீனியர் ஜூனியருக்குச் சொல்லும் குறிப்பில் இருக்கிறது. திரையில் 3.333333 என்று வந்தால் ஏதோ அசிங்கம் நடந்துவிட்டது போல அவசரமாக ‘.2’ சேர்த்து 3.33 ஆக்கிவிட்டு, அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். இந்த வழக்கம் தவறு, அதுவும் தொடக்க மாணவருக்குத்தான் மிக அதிகமாகக் கெடுதல் செய்கிறது என்பது என் வாதம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டர் மாணவர் மாறி, லூப், ஃபங்ஷன் என்று ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறார். அவர் தலையில் ஐட்ரிபிள்இ 754 தரத்தையும் இருமப் பின்னங்களையும் கொட்டினால் பாடத்தையே வெறுத்துவிடுவார். அடுத்து, அச்சிடுவது மனிதர் பார்ப்பதற்காக. விலை, சராசரி, வெப்பநிலை எதற்கும் இரண்டு தசமத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. மூன்றாவது, டபுளில் பிழை வருவது பதினாறாவது இலக்கத்தில். அது யாரைப் பாதிக்கப்போகிறது? கடைசியாக அவர்கள் எடுத்து வைக்கும் துருப்புச் சீட்டு: கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய மூலநூலே முதல் அத்தியாயத்தில் ஃபாரன்ஹீட், செல்சியஸ் அட்டவணையை ‘%6.1எஃப்’ கொண்டுதான் அச்சிடுகிறது. அவர்களைவிட நீங்கள் பெரிய ஆளா?

நான்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. உரசிப் பார்ப்போம்.

1. ‘.2’ சேர்த்ததும் எண் சரியாகிவிடுகிறதா?

விலை 4.35 ரூபாய். அதைப் பைசாவாக்க டபுள் மாறியை 100-ஆல் பெருக்குகிறார் மாணவர். ‘%.2எஃப்’ கொண்டு அச்சிட்டால் 435.00. திருப்தி. அதே விடையை இன்ட் மாறியில் போட்டு ‘%டி’ கொண்டு அச்சிட்டால் 434. ஒரு பைசா எங்கே போனது என்று அவர் ‘%டி’யைச் சந்தேகிக்கிறார், கம்பைலரைச் சந்தேகிக்கிறார், சில சமயம் தன் புத்தியையே சந்தேகிக்கிறார். சந்தேகிக்க வேண்டிய ஆளை மட்டும் சந்தேகிப்பதில்லை. ‘%.17ஜி’ போட்டுக் கேட்டிருந்தால் மாறியில் உண்மையில் இருப்பது தெரிந்திருக்கும்: 434.99999999999994. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முடித்து எழுத முடியாததைப் போலவே 4.35-ஐ இரும முறையில் முடித்து எழுத முடியாது. டபுள் தன்னால் எழுத முடிந்த மிக அருகிலுள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. இன்ட்டாக மாற்றும்போது சி மொழி ரவுண்ட் செய்வதில்லை, தசமப் பகுதியை வெட்டி எறிகிறது. ஆகவே 434 என்பது விதிப்படி வந்த விடை. 435.00 என்பதும் விதிப்படி வந்ததுதான். ஆனால் நடந்ததை மறைத்தது அந்த விடைதான்.

அடுத்தது லூப். 0-வில் தொடங்கி 0.1 கூட்டிக்கொண்டே போய், சரியாக 1 ஆனதும் நிற்க வேண்டும் என்று எழுதுகிறார். திரையில் 0.90, 1.00, 1.10, 1.20 என்று நிற்காமல் ஓடுகிறது. 1.00 என்று கண்ணெதிரே அச்சாகியும் ஏன் நிற்கவில்லை? ஏனென்றால் பத்து முறை கூட்டியபின் மாறியில் இருந்தது 0.99999999999999989. இரண்டு தசமத்தில் அச்சிடும்வரை இந்தப் பிழையை அவர் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது.

கேம்பஸ் இன்டர்வியூக்களில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவரும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு ஃப்ளோட் மாறியில் 0.7 போட்டு, அது 0.7-ஐவிடச் சின்னதா என்று ‘இஃப்’ கேட்டால் என்ன வரும்? ‘சின்னது, ஆமாம்’ என்பது விடை. பையன்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். ‘%எஃப்’ இரண்டையும் 0.700000 என்றே காட்டுவதால் மனப்பாடத்தைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. ‘%.17ஜி’ போட்டால் ஃப்ளோட்டில் இருப்பது 0.69999998807907104, டபுளில் இருப்பது 0.69999999999999996 என்று தெரியும். பார்த்த பிறகு இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

‘பதினாறாவது இலக்கத்துப் பிழை யாரைப் பாதிக்கும்’ என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிட்டது. பிழை அங்கேயே படுத்துக் கிடந்தால் யாரையும் பாதிக்காதுதான். ஒப்பிடும் இடத்திலும் வெட்டும் இடத்திலும் அது முழு ஒன்றாக எழுந்து நிற்கிறது.

2. மனிதக் கண்ணுக்குக் குறைந்த தசமம் போதும் என்று யார் முடிவு செய்தது?

1992 ஏப்ரல் 5 அன்று ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். அங்கே ஒரு கட்சிக்கு அவையில் இடம் கிடைக்க 5 சதவீத வாக்கு வேண்டும். பசுமைக் கட்சி 5.0 சதவீதம் பெற்றதாகக் கணினி அச்சிட்டது. கட்சி உள்ளே வந்துவிட்டதாக அறிவிப்பும் வெளியானது. அதன் பிறகுதான் உண்மையான கணக்கு 4.97 சதவீதம் என்று கண்டுபிடித்தார்கள். சதவீதத்தை அச்சிட்ட நிரல் ஒரு தசமத்துக்கு ரவுண்ட் செய்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. பசுமைக் கட்சி வெளியே போனது, சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஓர் இடம் கூடி, 89 பேர் கொண்ட அவையில் 45 பேருடன் தனிப்பெரும்பான்மை கிடைத்தது.

கூட்டலில் பிழையில்லை, வகுத்தலில் பிழையில்லை, நினைவகத்தில் இருந்த எண்ணிலும் பிழையில்லை. பிழை முழுக்க அச்சிட்ட வரியில். எந்த மொழியில் எழுதினாலும் ‘%.1எஃப்’ செய்யும் வேலை இதுதான். ‘அச்சிடுவது வெறும் அலங்காரம்’ என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவர், ஒரு மாநில ஆட்சியின் பெரும்பான்மையை மாற்றி அறிவித்த அலங்காரம் இது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்த நிரலுக்குத் தேவைப்பட்டது இன்னொரு தசமம்கூட அல்ல. எல்லைக் கோட்டுக்கு அருகே இருக்கும் எண்ணை ரவுண்ட் செய்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்ற அறிவு.

‘அப்படியானால் மாறியில் உள்ள எண்ணையே ரவுண்ட் செய்து வைத்துக்கொள்ளலாமே’ என்று சிலர் அடுத்த யோசனைக்குத் தாவுகிறார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிட்ட பிறகும் மூன்று தசமத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிட்டுச் சேமித்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524-இல் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டபோது வந்தது 1098.

3. ரவுண்ட் செய்வது பள்ளியில் படித்த மாதிரியே நடக்கும் என்று நம்புகிறீர்களா?

‘ஐந்து வந்தால் மேலே ஏற்று’ என்பது நாம் எல்லோரும் படித்த விதி. 2.675-ஐ ‘%.2எஃப்’ கொண்டு அச்சிடுங்கள். 2.68 வராது, 2.67 வரும். 1.005 என்பது 1.00 ஆகும். காரணம் பழைய காரணமே: மாறியில் இருப்பது 2.675-க்கு ஒரு மயிரிழை கீழே.

சரி, இரும முறையில் சுத்தமாக எழுதக்கூடிய எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவரின் சராசரி 34.5. பாஸாக 35 வேண்டும். ‘%.0எஃப்’ கொண்டு அச்சிடுகிறீர்கள். லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் வருவது 34. இங்கே மயிரிழை வித்தியாசம்கூட இல்லை, 34.5 அப்படியே துல்லியமாக மாறியில் இருக்கிறது. சரிபாதியில் நின்றால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் போ என்பது ஐட்ரிபிள்இ 754-இன் இயல்பு விதி. அதனால் 34.5 கீழே இறங்கி 34 ஆகிறது, 35.5 மேலே ஏறி 36 ஆகிறது. மைக்ரோசாஃப்ட்டின் நூலகமோ விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்பு வரும்வரை (அது ஆண்டு அல்ல, பதிப்பு எண்) இப்படிச் சரிபாதியில் நிற்கும் எண்களை எப்போதும் மேலேயே ஏற்றிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரே நிரல், ஒரே மதிப்பெண், பழைய விண்டோஸ் கணினியில் பாஸ், பக்கத்து மேஜை லினக்ஸில் ஃபெயில். ‘%.0எஃப்’ போடச் சொன்னவர் இதில் எந்த விடையைச் சொல்லிக்கொடுத்தார்?

இதையெல்லாம் முதல் நாளே விளக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவெடுக்கும் விதியை அச்சிடும் வரியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லலாம்.

4. ‘ஃப்ளோட்டுக்கு %எஃப், டபுளுக்கு %எல்எஃப்’ என்ற மந்திரம் பாதி பொய்.

பிரிண்ட்எஃப் எத்தனை மதிப்பு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் வகை ஃபங்ஷன். அப்படிப்பட்ட ஃபங்ஷனுக்கு ஃப்ளோட்டை அனுப்பினால் போகும் வழியிலேயே அது டபுளாக மாற்றப்படுகிறது. பிரிண்ட்எஃப் தன் வாழ்நாளில் ஒரு ஃப்ளோட்டைக்கூடப் பார்த்ததில்லை. அதற்கு ‘%எஃப்’ ஒன்றே போதும். 1989-இன் சி தரத்தில் பிரிண்ட்எஃப்புக்கு ‘%எல்எஃப்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. 1999 தரம்தான் ‘எழுதினால் எழுதிவிட்டுப் போ, பயனில்லை’ என்று அனுமதித்தது.

ஸ்கேன்எஃப்பின் கதை வேறு. அதற்குப் போவது முகவரி. முகவரி வழியில் மாறாது. ‘%எஃப்’ என்றால் அந்த முகவரியில் 4 பைட் எழுதும், ‘%எல்எஃப்’ என்றால் 8 பைட் எழுதும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் மந்திரத்தை மட்டும் சொல்லிக்கொடுத்ததால் நடப்பதைப் பாருங்கள். மாணவர் ஒரு டபுள் மாறியைப் பூஜ்யமாக்கி வைத்து, ஸ்கேன்எஃப்பில் வெறும் ‘%எஃப்’ கொடுத்து, 2.5 என்று தட்டுகிறார். ‘%.2எஃப்’ கொண்டு அச்சிட்டால் 0.00. “இன்புட் ஏறவே இல்லை சார்” என்று கையைத் தூக்குகிறார். கீபோர்டைச் சோதிப்பார்கள், என்டர் அழுத்தினாயா என்று கேட்பார்கள், நிரலை மூடித் திறப்பார்கள். அந்த இடத்தில் ‘%ஜி’ போட்டிருந்தால் நமது வழக்கமான கணினிகளில் 5.31535இ-315 என்று வந்திருக்கும். ஒரு முறை பார்த்தாலே போதும், இன்புட் ஏறியிருக்கிறது, ஆனால் எட்டு பைட் வீட்டில் நான்கு பைட் மட்டும் குடியேறியிருக்கிறது என்று புரிந்துவிடும். தசமப் புள்ளிக்குப் பின் 314 பூஜ்யம் உள்ள எண்ணை இரண்டு தசமத்தில் காட்டச் சொன்னால் அது பாவம் வேறு என்ன செய்யும்?

இதே வரிசையில் இன்னொன்று. 5/2-ஐ நேரே ‘%.2எஃப்’புக்குக் கொடுப்பது. அது இன்ட்டை இன்ட்டால் வகுத்த 2, டபுள் அல்ல. லினக்ஸ் ஓடும் 64-பிட் இன்டெல் கணினியில் இன்ட் ஒரு வகை ரெஜிஸ்டரில் போகிறது, டபுள் வேறு வகை ரெஜிஸ்டரில் போகிறது. பிரிண்ட்எஃப் டபுளைத் தேடிப் போகும் இடத்தில் நீங்கள் எதையும் வைக்கவேயில்லை. 0.00 வரலாம், முன்பு எப்போதோ கிடந்த எண் வரலாம். என்ன வரும் என்று மொழியின் தரம் எந்த உறுதியும் தரவில்லை. ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ஆப்ஷனை இயக்கினால் இந்த இரண்டு தவறையும் வரி எண்ணோடு சுட்டிக்காட்டும். நம் லேப்களில் அதை இயக்கச் சொல்வதில்லை. பல இடங்களில் இன்னும் டர்போ சி-யின் நீலத் திரையை விட்டே நகரவில்லை, அது தனிப் புலம்பல்.

5. எல்லா எண்ணும் கடை பில்லில் வரும் எண்ணா?

எலக்ட்ரானின் நிறையை கிலோகிராமில் வைத்து ‘%.2எஃப்’ கொண்டு அச்சிட்டால் 0.00. ‘%எஃப்’ போட்டாலும் 0.000000தான். இயற்பியல் மாணவர் பூஜ்யத்தால் வகுத்துவிட்டோமோ என்று பயப்படுவார். மறுகோடியில் அவகாட்ரோ எண், 6.02214076 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு. ‘%.2எஃப்’ அதை 602214075999999987023872.00 என்று அச்சிடும். இவ்வளவு இலக்கம் வந்ததும் துல்லியம் கூடிவிட்டதாக நினைக்க வேண்டாம்; பின்னால் வரும் இலக்கங்கள் இரும வடிவத்தின் எச்சம், வேதியியலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஸ்பிரிண்ட்எஃப் கொண்டு 20 எழுத்து கொள்ளும் அரேயில் இதை எழுதினால் அரேயைத் தாண்டிப் போய் அடுத்தவர் நினைவகத்தில் விழும். டபுளின் உச்ச மதிப்புக்குப் புள்ளிக்கு முன்னால் மட்டும் 309 இலக்கம். அளவு தெரியாத எண்ணுக்கு ‘%ஜி’ அல்லது ‘%இ’. அரேயில் எழுத எஸ்என்பிரிண்ட்எஃப். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

6. ‘பாவம், சின்னப் பிள்ளைகள், தாங்க மாட்டார்கள்’ என்கிறீர்கள்.

தாங்க முடியாதது எது? அதே மாணவர் அடுத்த செமஸ்டரில் பைத்தான் படிக்கப் போகிறார். 0.1-உடன் 0.2 கூட்டியதும் 0.30000000000000004 என்று வருகிறது. சி-யில் 0.30 என்று பார்த்துப் பழகியவர் பைத்தானுக்குக் கணக்கு தெரியாது என்று முடிவுகட்டுகிறார். இரண்டிலும் இருப்பது ஒரே டபுள், ஒரே பிட்டுகள். பைத்தான் 2009-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து, திரும்பப் படித்தால் அதே டபுள் கிடைக்கும் அளவுக்கு மிகக் குறைந்த இலக்கங்களை அச்சிடுகிறது. சி-யின் ‘%எஃப்’ 6 தசமத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அச்சிடும் கொள்கையில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் உள்ள வேறுபாடாக மாணவர் புரிந்துகொண்டால், அந்தத் தவறான புரிதலைக் கொடுத்தது நாம்.

ஐட்ரிபிள்இ 754-ஐ யாரும் முதல் மாதத்தில் நடத்தச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது மிகக் குறைவு. நீங்கள் எழுதும் தசம எண் பெரும்பாலும் மாறியில் அப்படியே உட்காராது, பக்கத்தில் உள்ள எண்தான் உட்காரும். அதைப் பார்க்க டபுளுக்கு ‘%.17ஜி’, ஃப்ளோட்டுக்கு ‘%.9ஜி’, அத்தனை இலக்கத்தில் எழுதித் திரும்பப் படித்தால் அதே எண் பிட் மாறாமல் கிடைக்கும். பிறருக்குக் காட்டும் கடைசி வரியில் மட்டும் ‘%.2எஃப்’. பணத்தை டபுளில் வைக்காதே, பைசாவாக முழு எண்ணில் வை. பத்து நிமிடப் பாடம் இது. லூப்பும் ஃபங்ஷனும் இதைவிடக் கடினம்.

கெர்னிகன், ரிட்சி சாட்சிக்கு வருவோம். அந்த நூலின் முன்னுரையே இது நிரலாக்கத்துக்கான அரிச்சுவடி அல்ல, மாறி, லூப் போன்றவற்றில் ஓரளவு பழக்கம் உள்ளவர்களுக்கானது என்று சொல்லிவிடுகிறது. தவிர, அந்த அட்டவணையில் செல்சியஸ் மதிப்பு அச்சானதோடு அதன் வேலை முடிந்தது. அதை எதனுடனும் ஒப்பிடவில்லை, முழு எண்ணாக வெட்டவில்லை, அதைப் பார்த்து யாரையும் பாஸ் போடவில்லை. கடைசி வரியில் காட்டுவதற்கு ‘%6.1எஃப்’ போட்டார்கள்; அது சரி. அதிலிருந்து ‘தசம எண் என்றாலே இரண்டு தசமம்’ என்ற விதியை வடித்தெடுத்தது நம் கையேடுகள், அவர்கள் இல்லை.

எதிர்ப்பக்கத்துப் பைத்தியக்காரத்தனமும் உண்டு என்பதால் அதையும் சொல்கிறேன். ‘%.20எஃப்’ போட்டு, பாருங்கள் எவ்வளவு துல்லியம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி வருபவர்கள் இருக்கிறார்கள். அரை டிகிரி வரை பிழைபடும் சென்சாரின் வெப்பநிலையை 17 இலக்கத்தில் பயனருக்குக் காட்டுவது பொய். நிரல் எழுதுபவர் பார்ப்பதற்கு ஓர் அச்சு, படிப்பவர் பார்ப்பதற்கு ஓர் அச்சு. இரண்டுக்கும் வேறு வேறு வேலை. இன்றைய வகுப்பு இரண்டாவதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு முதலாவது இருப்பதையே மறைக்கிறது.

லேப் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலபஸ் மாற வேண்டாம், புத்தகம் மாற வேண்டாம். ரெக்கார்டு நோட்டின் அவுட்புட் பகுதியில் ஒவ்வொரு தசம விடைக்கும் இரண்டு வரி கேளுங்கள்: மேலே ‘%.17ஜி’, கீழே ‘%.2எஃப்’. வைவாவில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த இரண்டும் ஏன் வேறாக இருக்கின்றன? பதில் சொல்ல முடியாதவருக்கு அந்தப் பயிற்சியில் கையெழுத்துப் போடாதீர்கள்.